கையெழுத்து இருக்கிறது, சட்டம் இல்லை: இந்தியாவும் இனப்படுகொலை உடன்படிக்கையும்

இந்தியாவில் எந்தக் காவல் நிலையத்துக்குப் போனாலும் 'இனப்படுகொலை' என்ற குற்றத்தின் பெயரில் ஒரு முதல் தகவல் அறிக்கையைப் பதிய முடியாது. அப்படியொரு குற்றமே நம் தண்டனைச் சட்டத்தில் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. ஆனால் அந்தக் குற்றத்தைத் தடுப்போம், தண்டிப்போம், அதற்கென உள்நாட்டில் சட்டம் இயற்றுவோம் என்று இந்திய அரசு உலகத்துக்கு எழுதிக் கொடுத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. எழுதிக் கொடுத்த வாக்கு என்ன ஆனது, அதனால் நமக்கு என்ன இழப்பு என்பதைத் தலித் இயக்கங்களில் இருக்கும் இளைஞர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

1946: கேட்டது யார்?

'ஜெனோசைட்' என்ற சொல்லை 1944இல் உருவாக்கியவர் ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்குரைஞர். நாஜிகளிடம் தன் உறவினர்களில் பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர். ஒரு மனிதனைக் கொன்றால் அது குற்றம், ஒரு கூட்டத்தையே அழித்தால் அதற்குச் சட்டத்தில் பெயர்கூட இல்லையே என்பது அவருடைய கேள்வி. போர் முடிந்ததும் ஐ.நா. பிரதிநிதிகளை ஒவ்வொருவராகச் சந்தித்து ஆதரவு திரட்டினார். இந்தப் பொருளைப் பொதுச்சபை விவாதிக்க வேண்டும் என்று 1946இல் கோரிய நாடுகள் மூன்று: கியூபா, பனாமா, இந்தியா. இந்தியாவுக்கு அப்போது விடுதலைகூடக் கிடைத்திருக்கவில்லை. விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் சென்ற குழு அந்தக் கோரிக்கையில் கையெழுத்திட்டது. 1946 டிசம்பர் 11 அன்று, இனப்படுகொலை சர்வதேசச் சட்டத்தின்படி குற்றம் என்று பொதுச்சபை ஒருமனதாக அறிவித்தது.

அதே 1946இல்தான் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்திருந்த மனுவின் படிகளைக் கேட்டார். தீண்டப்படாத மக்களும் அதே வழியில் ஐ.நா.வை அணுகுவது பற்றி யோசித்து வருவதைத் தெரிவித்தார். டு பாய்ஸ் பரிவோடு பதில் எழுதினார். ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் நாட்டு அரசைத் தாண்டி உலக மன்றத்திடம் பேச முடியும் என்ற எண்ணம் நம் தலைவருக்கு அப்போதே இருந்தது.

உடன்படிக்கை 1948 டிசம்பர் 9 அன்று பாரிசில் ஏற்கப்பட்டது. 1951இல், பால் ரோப்சனும் வில்லியம் பேட்டர்சனும் முன்னின்ற கறுப்பின உரிமை அமைப்பு ஒன்று, இந்த உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டி, அமெரிக்க அரசு கறுப்பின மக்களுக்கு எதிராக இனப்படுகொலை செய்கிறது என்று ஐ.நா.விடம் மனு கொடுத்தது. கும்பல் கொலைகள் நாள்வாரியாக, ஊர்வாரியாக அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. ஐ.நா. அதை விவாதத்துக்கே எடுக்கவில்லை. அமெரிக்காவும் 1988வரை அந்த உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவில்லை. வல்லரசுகள் ஏன் தயங்கின என்பதை அந்த மனுவே சொல்லிவிடுகிறது.

கொடுத்த வாக்கு

இந்தியா இந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 1949 நவம்பர் 29 அன்று. அரசியல் நிர்ணய சபை நம் அரசமைப்புச் சட்டத்தை ஏற்று மூன்றே நாள் ஆகியிருந்தது. ஏற்புறுதி செய்தது 1959 ஆகஸ்ட் 27. கையெழுத்து என்பது சம்மதம். ஏற்புறுதி என்பது அதற்குக் கட்டுப்படுகிறேன் என்ற உறுதி. ஏற்புறுதி செய்யும்போது இந்தியா ஒரு விலக்கையும் எழுதி வைத்தது: உடன்படிக்கை தொடர்பான வழக்கைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் எல்லாத் தரப்பின் சம்மதமும் வேண்டும். அதாவது, தன் சம்மதம் இல்லாமல் எவரும் தன்னைக் கூண்டில் ஏற்ற முடியாது.

வெளிக்கதவை அப்படி அடைத்த பிறகு உள்கதவையாவது திறந்திருக்க வேண்டும். உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவு கேட்பது அதைத்தான்: ஒவ்வொரு நாடும் தன் அரசமைப்புக்கு ஏற்பச் சட்டம் இயற்ற வேண்டும், குற்றவாளிகளுக்குத் தண்டனை விதிக்க வழிசெய்ய வேண்டும். மூன்றாவது பிரிவு கொலையோடு நிற்பதில்லை. சதி, நேரடியான பகிரங்கத் தூண்டுதல், முயற்சி, உடந்தை எல்லாமே குற்றங்கள். ஆட்சியாளரோ, அதிகாரியோ, தனிமனிதரோ எவராக இருந்தாலும் தண்டிக்கப்பட வேண்டும் என்கிறது நான்காவது பிரிவு.

இந்தியாவில் ஒரு உடன்படிக்கை ஏற்புறுதி செய்யப்பட்டதாலேயே தண்டனைச் சட்டம் ஆகிவிடாது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அதற்கான அதிகாரத்தை அரசமைப்பின் 253ஆவது பிரிவு தருகிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தத் தெரியாத நாடாளுமன்றம் அல்ல இது. போர்க்கால ஜெனீவா உடன்படிக்கைகளுக்காக 1960இலேயே தனிச் சட்டம் வந்தது. தூதர்களின் சலுகைகளுக்காக 1972இல் சட்டம் வந்தது. இனப்படுகொலைக்கு மட்டும் வரவில்லை. இருக்கிற தண்டனைச் சட்டமே போதும் என்பதே அரசு நாடாளுமன்றத்தில் சொல்லிவந்திருக்கும் பதில்.

போதுமா?

அந்தப் பதிலை நம் ஊர்களில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்தது 1968 டிசம்பர் 3. அதற்கு மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழமை நீதிமன்றம் நிலவுடைமையாளர்கள் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இவ்வளவு நிலமுள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பில் எழுதப்பட்டது. நேரில் வந்தார்களா என்ற ஒரு கேள்வியிலேயே வழக்கு முடிந்தது. ஏவியது யார், திட்டமிட்டது யார் என்ற கேள்விகள் வழக்கின் மையத்துக்கு வரவே இல்லை.

1996 ஜூலை 11, பிகாரின் பதானி டோலா. ரண்வீர் சேனா 21 பேரைக் கொன்றது; தலித்துகளும் முஸ்லிம்களும். தண்டிக்கப்பட்ட 23 பேரையும் 2012இல் பாட்னா உயர்நீதிமன்றம் விடுவித்தது. 1997 டிசம்பர் 1, லட்சுமண்பூர் பாதே. அதே சேனை 58 தலித் மக்களைக் கொன்றது. 2010இல் 26 பேருக்குத் தண்டனை. 2013 அக்டோபர் 9 அன்று 26 பேரும் விடுதலை. சேனையின் அரசியல் தொடர்புகளை விசாரிக்க அமைக்கப்பட்ட நீதிபதி அமீர் தாஸ் ஆணையம் அறிக்கை தருவதற்கு முன்பே 2006இல் கலைக்கப்பட்டது.

1991 ஆகஸ்ட் 6, ஆந்திராவின் சுண்டூர். எட்டு தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி அந்த ஊரிலேயே சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. 2007இல் 21 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2014இல் உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது.

இவை எல்லாவற்றிலும் ஒரே வடிவம் தெரிகிறது. ஊரே திட்டமிட்டுச் செய்த தாக்குதலை, நீதிமன்றம் தனித்தனிக் கொலைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. இருட்டில் ஒளிந்திருந்து உயிர் தப்பிய ஒரு பெண்மணி, எந்தக் கை எந்த ஆயுதத்தைப் பிடித்திருந்தது என்று ஆண்டுகள் கழித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் ஓரிடத்தில் தடுமாறினால் வழக்கு சரிகிறது. கூட்டம் கூட்டியவர், ஆயுதம் கொடுத்தவர், தகவல் தெரிந்தும் அசையாத அதிகாரி ஆகியோர் பெரும்பாலும் குற்றப்பத்திரிகைக்கு வெளியிலேயே இருக்கிறார்கள்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. 1984இல் டெல்லியில் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 34 ஆண்டுகள் ஆயின. 2018 டிசம்பர் 17 அன்று அந்தத் தீர்ப்பை அளித்த டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதிகள் எஸ். முரளிதரும் வினோத் கோயலும், இனப்படுகொலையும் மானுடத்திற்கு எதிரான குற்றங்களும் நம் உள்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் இல்லை, இந்த ஓட்டையை உடனடியாக அடைக்க வேண்டும் என்று எழுதினார்கள். அரசியல் ஆதரவோடு நடக்கும் கூட்டுக்கொலைகளைத் தண்டிக்கச் சட்டமே வலுவாக இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.

அந்தச் சட்டத்தில் நாம் இருப்போமா?

உடன்படிக்கையை அப்படியே சட்டமாக்கினால் தலித் மக்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடும் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. 1946 தீர்மானம் இன, மத, அரசியல் குழுக்களோடு 'பிற குழுக்கள்' என்றும் சொன்னது. 1948இல் அது சுருங்கியது. தேசிய, இனக்குழு, இன, மதக் குழுக்கள் என்ற நான்கு மட்டுமே உடன்படிக்கையில் உள்ளன. சாதி அதில் இல்லை. தவிர, ஒரு குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். சாதியாதிக்கம் பெரும்பாலும் நம்மை அழிக்க நினைப்பதில்லை. அடங்கிக் கிடந்து உழைக்க வேண்டும் என்றே நினைக்கிறது. தலைநிமிரும் ஊருக்குப் பாடம் கற்பிக்கவே எரிக்கிறது.

அதற்குப் பொருந்தும் பெயர் மானுடத்திற்கு எதிரான குற்றம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ரோம் சட்டம், பொதுமக்கள் மீது பரவலாகவோ முறைப்படியோ நடத்தப்படும் தாக்குதலை அப்படி வரையறுக்கிறது. ஒரு குழுவை ஒடுக்குவதையும் அது குற்றமாக்குகிறது. சர்வதேசச் சட்டம் ஏற்காத பிற காரணங்களால் ஒடுக்குவதும் அதில் அடங்கும். கீழிருப்பவர்களைத் தடுக்கத் தவறிய மேலதிகாரியும் பொறுப்பாவார். 1998 ஜூலை 17 அன்று 120 நாடுகள் அதற்கு வாக்களித்தன, 7 எதிர்த்தன, 21 ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் இந்தியாவும் ஒன்று. பாதுகாப்பு அவைக்குத் தரப்பட்ட அதிகாரம், அணு ஆயுதம் குற்றப் பட்டியலில் இல்லாதது ஆகியவை இந்தியா சொன்ன காரணங்கள். அவற்றில் நியாயம் உண்டு. ஆனால் உள்நாட்டு மோதல்கள் அந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வருவதையும் இந்தியா விரும்பவில்லை.

சாதி என்று வரும்போது நம் அரசு எப்போதும் இப்படித்தான். இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று ஐ.நா. குழு 1996இல் இந்தியாவிடம் சொன்னது. 2002இல் பொதுப் பரிந்துரையாகவும் வெளியிட்டது. இந்திய அரசு ஏற்க மறுத்தது.

இனி என்ன செய்வது?

ஒரு முயற்சி நடந்தது. வகுப்புவாத, இலக்குவைத்த வன்முறைத் தடுப்பு மசோதாவின் 2011 வரைவு, மத, மொழிச் சிறுபான்மையினரோடு பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பாதுகாக்கப்படும் குழுவாகச் சேர்த்தது. கடமை தவறிய மேலதிகாரியையும், தாக்குதல் நடத்தும் அமைப்பின் தலைவரையும் பொறுப்பாக்கியது. 2014 பிப்ரவரியில், மாற்றப்பட்ட வடிவத்தில் மாநிலங்களவையில் அறிமுகம் செய்ய முயன்றபோது எதிர்ப்பால் அது நிறுத்தப்பட்டது. அதோடு முடிந்தது. புதிய சன்ஹிதாவின் 103ஆவது பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி உள்ளிட்ட காரணங்களால் செய்யும் கொலையைத் தனியாகக் குறிப்பிடுகிறது. அது ஓரடி முன்னேற்றம். ஆனால் அதுவும் கும்பலைத்தான் பார்க்கிறது, கும்பலை அனுப்பியவரைத் தேடுவதில்லை.

ஆகவே நம் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். 1959இல் கொடுத்த வாக்கின்படி சட்டம் வேண்டும். அதில் மானுடத்திற்கு எதிரான குற்றங்களும் சேர வேண்டும். பாதுகாக்கப்படும் குழுக்களில் சாதி பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். மேலதிகாரியின் பொறுப்பு தனிக் குற்றமாக வேண்டும். சாதியை விட்டுவிட்டு வரும் சட்டம் நமக்குப் பாதிச் சட்டம்தான்.

சட்டம் வரும்வரை கையிலிருப்பதைப் பயன்படுத்துவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவு கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. ஒவ்வொரு வழக்கிலும் அதைக் கேட்போம். 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் தரும் உரிமைகளை ஊர்மக்களுக்கு எடுத்துச் சொல்வோம். உண்மையறியும் குழுவில் போகும் மாணவர்கள், யார் வெட்டினார் என்பதோடு நிறுத்த வேண்டாம். முதல்நாள் கூட்டம் எங்கே நடந்தது, வண்டியும் ஆயுதமும் யார் கொடுத்தார்கள், காவல் நிலையத்துக்கு எத்தனை மணிக்குத் தகவல் போனது, எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். 1951இல் அந்தக் கறுப்பின மக்கள் செய்தது அதைத்தான். என்றைக்காவது அந்தச் சட்டம் வரும்போது, நீதிமன்றம் முதலில் கேட்கப்போவது இந்தக் குறிப்புகளைத்தான்.