நடுக்கயிற்றுக் கண்ணி முடிச்சு

நடுக்கயிற்றுக் கண்ணி முடிச்சு என்பது கயிற்றின் முனைகளைப் பயன்படுத்தாமல் அதன் இடைப்பகுதியில் இடப்படும் நிலையான கண்ணி ஆகும். கயிற்றின் இரு முனைகளும் கட்டப்பட்டிருந்தாலும், போதிய தொய்வு இருப்பின் இதனை இடலாம். சுருக்கு முடிச்சைப் போல இக்கண்ணி இழுக்கும்போது இறுகிச் சிறிதாவதில்லை. மலையேற்றம், மீட்புப் பணி, சுமை கட்டுதல் ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

வகைகள்

* வண்ணத்துப்பூச்சி முடிச்சு: இரு முனைகள், கண்ணி ஆகிய மூன்று திசை இழுவையையும் தாங்கும். ஏ. ஏ. பர்கர் 1914இல் வெளியிட்ட கயிறு பற்றிய நூலில் இது இடம்பெற்றது. 1928இல் மலையேறுவோரிடையே இப்பெயரில் அறிமுகமானது. ஆஷ்லியின் முடிச்சு நூலில் (1944) இதன் எண் 1053.
* பீரங்கிக் கண்ணி: பீரங்கிகளை இழுக்கும் வீரர்கள் தோளில் மாட்டிக்கொள்ளப் பயன்பட்டது. இடுவது எளிது. கண்ணியில் சுமை இல்லாதபோது நழுவக்கூடும்.
* ஒருதிசை எட்டு முடிச்சு: ஒரு பக்க இழுவைக்கு மட்டுமே ஏற்றது. எதிர்த்திசையில் இழுத்தால் உருக்குலையலாம்.
* இரட்டைச் சாதா முடிச்சு: கயிற்றை மடித்து இடப்படுவது. பெருஞ்சுமைக்குப் பின் அவிழ்ப்பது கடினம்.

வண்ணத்துப்பூச்சி முடிச்சு இடும் முறை

1. கயிற்றின் நடுவே ஒரு வளையம் எடுத்து, ஒரே திசையில் இருமுறை முறுக்க வேண்டும். இரு குறுக்கீடுகளும் அவற்றுக்கிடையே சிறு துளையும் உண்டாகும்.
2. மேலுள்ள பெரிய வளையத்தை மடக்கி, கயிற்றின் இரு கால்களுக்கும் பின்புறமாகக் கீழே கொண்டுவர வேண்டும்.
3. அவ்வளையத்தைக் கால்களுக்கு அடியிலிருந்து முன்புறம் எடுத்து, சிறு துளை வழியே மேலே இழுக்க வேண்டும்.
4. கண்ணியையும் இரு கால்களையும் மாறிமாறி இழுத்து இறுக்க வேண்டும்.

மதிப்பிடுதல்

முடிச்சை முனைக்கு முனை, கண்ணிக்கும் இட முனைக்கும், கண்ணிக்கும் வல முனைக்கும் என மூவகையாக இழுத்துப் பார்த்தல் வேண்டும். நழுவாமை, உருமாறாமை, சுமை நீங்கியபின் எளிதில் அவிழ்தல் ஆகியன நல்ல முடிச்சின் இயல்புகள். தேங்காய்நார் போன்ற இயற்கை நார்க் கயிறு நனைந்தால் பருப்பதால், அதனை நனைத்தும் சோதிக்க வேண்டும். எம்முடிச்சும் கயிற்றின் வலிமையை ஓரளவு குறைக்கும்.

வெள்ளமும் கயிறும்

தென்காசி மாவட்டத்திலுள்ள குற்றால அருவிகளில், மலைமேல் பெய்யும் மழையால் திடீர் வெள்ளம் வருவதுண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். இத்தகைய நீரோட்டத்தில் கட்டப்படும் மீட்புக் கயிற்றில் இழுவையின் திசை மாறிக்கொண்டே இருப்பதால், மூன்று திசையும் தாங்கும் முடிச்சே பொருத்தமானது.

எனினும் முடிச்சு நன்றாக இருப்பது மட்டும் போதாது. கண்ணிக்குள் மணிக்கட்டை நுழைத்தவர் கால் தவறினால் கையை விடுவிக்க இயலாது. நீரின் வேகம் அவரைக் கீழே அமிழ்த்தும். ஆகவே ஓடும் நீரில் கண்ணியை வெளிப்புறமாகப் பற்ற வேண்டும். உடலுடன் கயிற்றை இணைக்கும் மீட்பர்கள், நொடியில் விடுவிக்கத்தக்க கச்சையை அணிதல் வேண்டும்.