நண்பகல் பேயும் எட்டு எண்ணங்களும்

கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் 381-ஆம் ஆண்டின் பொதுச்சங்கம் கூடிக் கலைந்திருந்த காலம். ஆரியுஸின் கொள்கையினரை எதிர்த்துச் சொல்லாடுவதில் பெயர் பெற்றிருந்த இளம் திருத்தொண்டர் ஒருவர், அந்நகரத்து உயர் அதிகாரி ஒருவரின் மனைவிமீது காதல் கொண்டார். எவாக்ரியுஸ் என்பது அவர் பெயர். கருங்கடலை ஒட்டிய பொந்துஸ் நாட்டினர். பசிலியாரால் வாசகராகவும், நசியான்சு கிரகோரியாரால் திருத்தொண்டராகவும் ஏற்படுத்தப்பெற்றவர். அந்தப் பெண்ணும் அவரை விரும்பினாள். விலக வேண்டும் என்று அவர் செபித்தார்; விலக இயலவில்லை.

பின்னாளில் அவருடைய சீடரான பல்லாதியுஸ் எழுதிவைத்த வரலாற்றின்படி, ஒரு கனவே அவரை அசைத்தது. கனவில் அவர் சங்கிலியிட்ட கைதி. நண்பர் உருவில் வந்த வானதூதர் ஒருவர், நகரைவிட்டு நீங்குவதாக நற்செய்தி நூலின்மேல் ஆணையிடச் சொல்கிறார். துணிமணிகளை எடுத்துக்கொள்ள ஒரு நாள் மட்டும் தவணை கேட்டு எவாக்ரியுஸ் ஆணையிடுகிறார். விழித்ததும், கனவில் இட்ட ஆணையும் ஆணையே என்று கருதி, உடைமைகளைக் கப்பலில் ஏற்றி எருசலேமுக்குப் புறப்பட்டார்.

பக்தி நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடும். பல்லாதியுஸ் முடிக்கவில்லை. எருசலேமில் ஒலிவ மலையில் மடம் அமைத்து வாழ்ந்த மெலானியா என்னும் உரோமைப் பெருமாட்டி அவரை வரவேற்றார். அங்கு எவாக்ரியுஸின் மனம் மீண்டும் இறுகியது. ஆணையை மறந்தார், உடை மாற்றி மாற்றி உடுத்துவதில் பெருமை கொண்டார். பின்னர் காய்ச்சல் கண்டு ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். மருத்துவர்களுக்கு நோய் பிடிபடவில்லை. மெலானியாவுக்குப் பிடிபட்டது. இந்த நீண்ட நோய் தமக்குச் சரியாகப் படவில்லை என்றும், உள்ளத்தில் உள்ளதைச் சொல்லுமாறும் அவர் கேட்டார். எவாக்ரியுஸ் எல்லாவற்றையும் சொன்னார்; துறவு பூணுவதாக வாக்களித்தார்; சில நாள்களில் எழுந்தார். 383-ஆம் ஆண்டளவில் எகிப்துக்குச் சென்றார்.

நித்ரியாவில் இரண்டு ஆண்டுகள்; பிறகு அதற்கு அப்பால் கெல்லியா என்னும் பாலை நிலத்தில் பதினான்கு ஆண்டுகள். கெல்லியா என்ற கிரேக்கச் சொல்லுக்குச் 'சிற்றறைகள்' என்பது பொருள். ஒவ்வொரு துறவிக்கும் தனி அறை. சனி, ஞாயிறுகளில் மட்டும் ஆலயத்தில் ஒன்றுகூடல். (மணல் மூடிக் கிடந்த இவ்விடத்தை 1964-இல் அடையாளம் கண்டவர் அந்துவான் கியோமோன். எவாக்ரியுஸின் நூல்களைப் பதிப்பித்தவரும் அவரே என்பது ஆய்வுலகில் அரிதாக வாய்க்கும் பொருத்தம்.) எவாக்ரியுஸ் நூல்களைப் படியெடுத்துக் கூலி பெற்று உண்டார்.

பாலைக்கு வந்தபின்னும் பழைய இச்சை விடவில்லை. ஒரு குளிர்கால இரவு முழுவதும் உடையின்றிக் கிணற்று நீரில் நின்றார் என்று பல்லாதியுஸ் கூறுகிறார். ஆனால் எவாக்ரியுஸ் பிற துறவிகளுக்கு எழுதியளித்த நூல்களின் நடுவில் நிற்பது கிணற்று நீர் அன்று. உள்ளத்தைக் கவனிக்கும் ஒரு முறை.

அந்த முறையின் திறவுகோல் 'லோகிஸ்மோஸ்' என்ற கிரேக்கச் சொல். கணக்கிடுதல், எண்ணிப் பார்த்தல் என்ற வேரில் பிறந்தது. தமிழின் 'எண்ணம்' என்ற சொல்லும் 'எண்' என்பதிலிருந்தே வருவதால் இதைவிடப் பொருத்தமான பெயர்ப்பு கிடைப்பது கடினம். பெருந்தீனி, மோகம், பணப்பற்று, துயரம், சினம், அக்கேதியா, வீண்பெருமை, செருக்கு என எட்டு எண்ணங்களை அவர் வகுத்தார். பாவங்கள் எட்டு என்று அவர் எழுதவில்லை. இவ்வெண்ணங்கள் உள்ளத்தைத் தொல்லைப்படுத்துவதும் படுத்தாதிருப்பதும் நம் கையில் இல்லை. அவை அங்கே தங்குவதும் தங்காதிருப்பதும் நம் கையில் உண்டு என்பதே அவர் கொள்கை.

மீண்டும் மீண்டும் விழுகிற மனிதனுக்கு இவ்வேறுபாடு சிறியதன்று. தமிழ் விவிலிய வழக்கில் 'சோதனை' என்ற ஒரே சொல் துன்பத்தால் புடமிடப்படுவதையும் தீமைக்கு இழுக்கப்படுவதையும் குறிக்கிறது. கிரேக்க மூலத்தின் 'பெய்ராஸ்மோஸ்' என்ற சொல்லும் அவ்வாறே. சோதனை என்றவுடன் தேர்ச்சி, தோல்வி என்ற நினைப்பு வந்துவிடுகிறது. தீய நினைவு ஒன்று தோன்றியதுமே தோற்றுவிட்டதாக உள்ளம் ஒடுங்குகிறது. எண்ணம் என்று பெயரிட்டால், அது வந்து நிற்கும் விருந்தாளி. உட்காரச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.

விருந்தாளியை அடையாளம் காண வேண்டும் அல்லவா? எந்த எண்ணம் எப்போது வருகிறது, எது எதன் பின்னே வருகிறது, எப்போது வலுக்கிறது, எப்போது தளர்கிறது என்று கவனித்து வருமாறு அவர் துறவிகளுக்குச் சொன்னார். அவருடைய கவனிப்பின் கூர்மைக்கு அக்கேதியா பற்றிய பகுதி ஒன்றே போதும். காலை பத்து மணியளவில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணி வரை அது துறவியை முற்றுகையிடும். கதிரவன் நகராதது போலத் தோன்றும். சன்னலைப் பார்ப்பான், வெளியே வந்து, உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெயிலை அளப்பான், எவரேனும் தன்னைக் காண வருகிறாரா என்று நோக்குவான். பின்பு இருக்கும் இடம் கசக்கும், செய்யும் வேலை கசக்கும், உடன்பிறப்புகளிடம் அன்பு அற்றுப்போனதாகத் தோன்றும். வீட்டாரின் நினைவு வரும். இன்னும் எத்தனை ஆண்டுகள் இப்படி என்ற கணக்கு வரும். அறையை விட்டு ஓடவைப்பதே அதன் நோக்கம். ஆய்வேடு எழுதுவோர் பலர் இப்பத்தியைத் தம்மைப் பற்றியதென்றே கொள்வர்.

இதற்கு அவர் இட்ட பெயர் நண்பகல் பேய். பெயர் வந்த இடம் 91-ஆம் சங்கீதத்தின் கிரேக்கப் பெயர்ப்பு. எபிரேய மூலத்தில் அவ்விடத்தில் பேய் இல்லை, நண்பகலில் பாழாக்கும் அழிவே உண்டு. எபிரேயத்தைப் பின்பற்றிய தமிழ்ப் பெயர்ப்பும் அதனால் 'சங்காரம்' என்கிறது. மொழிபெயர்ப்பில் பிறந்த ஒரு பேய் பல நூற்றாண்டுகள் துறவிகளை அலைக்கழித்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பேருக்கு அடுத்தது பதில். பாலைநிலத்தில் இயேசு அலகைக்கு மறைநூல் சொற்களாலேயே விடையளித்ததை முன்மாதிரியாகக் கொண்டு, எட்டு எண்ணங்களுக்கும் எட்டுப் பகுதிகளாக, வரக்கூடிய ஒவ்வொரு நினைவுக்கும் ஒரு மறைநூல் வரியை அவர் தொகுத்தார். 'எதிருரை' என்று பெயரிடத்தக்க அந்நூலின் கிரேக்க மூலம் அழிந்தது. சிரியாக், ஆர்மீனிய மொழிகளில் பிழைத்தது. 553-இல் ஒரிகன் வழிச் சிந்தனையோடு சேர்த்து அவரும் கண்டனத்துக்கு உள்ளானதால், கிரேக்கத்தில் எஞ்சிய நூல்கள் சிலவும் நீலுஸ் என்ற மற்றொருவர் பெயரில் மறைந்து வாழ்ந்தன.

இன்னோர் உத்தி தனித்துக் குறிப்பிடத்தக்கது. வீண்பெருமையும் மோகமும் ஒன்றுக்கொன்று பகை. ஒன்று நெருக்கும்போது மற்றதன் நினைவைக் கொண்டு அதை விரட்டலாம் என்கிறார். ஆணியை ஆணியால் அடித்து வெளியேற்றுவது அவர் காட்டும் உவமை. தமிழில் முள்ளை முள்ளால் எடுப்பது. இது ஏட்டறிவாகத் தோன்றவில்லை. தலைநகரில் அவரைத் தடுத்தவற்றுள் ஊரார் முன் அவமானம் என்ற அச்சமும் ஒன்று. எருசலேமில் உடை மாற்றும் பெருமையாக எழுந்ததும் அதே முள்ளின் மறுமுனைதான்.

எட்டு எண்ணங்களை மேற்கே கொண்டுசென்றவர் யோவான் காசியன். தென் பிரான்சில் எழுதிய அவர் எவாக்ரியுஸின் பெயரை ஓரிடத்தும் குறிப்பிடவில்லை. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய கிரகோரியார் பட்டியலை மாற்றினார்: செருக்கை எல்லாவற்றின் வேராக்கினார், பொறாமையைச் சேர்த்தார், அக்கேதியாவைத் துயரத்துக்குள் அடக்கினார். 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தைக் கட்டாயமாக்கியபின், ஏழின் பட்டியல் மனச்சான்றை ஆராயும் கருவியாயிற்று. தமிழ்க் கத்தோலிக்க ஞானோபதேசம் 'தலையான பாவங்கள் ஏழு' என்று கற்பிப்பது இந்த வழியில் வந்ததே. அதில் கடைசியாக நிற்பது சோம்பல். வெயிலை அளந்து நின்ற துறவியின் மனச்சலிப்பு அச்சொல்லில் இல்லை. கவனிக்கப்பட வேண்டிய எண்ணம், அறிக்கையிடப்பட வேண்டிய குற்றமாயிற்று. அறிக்கையிடுதலுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை மெலானியாவிடம் வாய் திறந்த நாளில் எவாக்ரியுஸ் அறிந்திருந்தார். ஆனால் வாய் திறந்தது ஒரு நாள், கவனித்தது பதினாறு ஆண்டுகள்.

399-ஆம் ஆண்டில் திருக்காட்சித் திருநாளையொட்டி, ஆலயத்தில் நற்கருணை பெற்றபின் அவர் இறந்தார். வயது ஐம்பத்து நான்கு. இறப்பதற்குச் சற்று முன்பு, உடலிச்சை தம்மை நெருக்காமல் விட்டு இது மூன்றாம் ஆண்டு என்று சொன்னாராம். தலைநகரிலிருந்து கப்பல் ஏறி அப்போது ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.