கண்ணாடிக் கடலில் ஒரு களை

அரிசியில் வண்டு விழுந்தால் வெயிலில் உலர்த்துகிறோம். முருங்கையில் கம்பளிப்புழு ஏறினால் தீப்பந்தம் காட்டுகிறோம். ஆனால், உயிருள்ள பவளங்களும் மீன்களும் இறால்களுமாக ஒரு சிறு கடலையே கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர், அதற்குள் பீடை புகுந்துவிட்டால் என்ன செய்வார்? உலர்த்தவும் முடியாது, மருந்து தெளிக்கவும் முடியாது. இந்தச் சிக்கல் மீன் தொட்டியைப் போலவே பழமையானது. அதன் தொடக்கத்திலிருந்தே பார்ப்போம், வாருங்கள்.

1850-ஆம் ஆண்டில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். தொட்டி நீரில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னீரியா என்ற நீர்த்தாவரத்தையும் அவர் விட்டிருந்தார். தாவரம் வெளியிடும் ஆக்சிஜன் மீனுக்கு; மீன் வெளியிடும் கரியமில வாயு தாவரத்துக்கு. கணக்கு சரிதான். ஆனால் சில நாட்களில் இலைகள் அழுகின, நீர் கலங்கியது, கண்ணாடியெங்கும் வழுவழுப்பான படலம் படர்ந்தது. வாரிங்டன் மருந்து எதையும் ஊற்றவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைப் பிடித்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, அவை இட்ட முட்டைகள் மீன்களுக்கு இரையாயின, நீர் தெளிந்தது. வாரிங்டனின் தொட்டியைக் காப்பாற்றியது ஒரு நத்தை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்தவர் பிலிப் ஹென்றி காஸ். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் திறக்கப்பட்ட மீன் மாளிகைக்குக் கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர் இவர். ‘ஆக்வேரியம்’ என்ற சொல் வீட்டுக்கு வீடு பரவியதும் 1854-இல் இவர் எழுதிய நூலால்தான். இங்கிலாந்து முழுவதும் கடல் தொட்டி மோகம் பற்றிக்கொண்டது. மக்கள் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் பெரிதும் விரும்பித் தேடியது கடற்சாமந்தி. பூப்போல விரியும் இந்த விலங்கைப் பாறையோடு பெயர்த்துச் சென்றார்கள். தம் தந்தையின் நூல்களைப் படித்துக் கிளம்பிய கூட்டம் கரையோரப் பாறைக் குட்டைகளைச் சூறையாடிவிட்டதென்று மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வருந்தி எழுதினார்.

1858-இல் காஸ் கடற்சாமந்தியின் ஒரு பேரினத்துக்கு ‘ஐப்டேசியா’ என்று பெயரிட்டார். தாம் பரப்பிய பொழுதுபோக்குக்கு இதே பெயர் பின்னாளில் பெருந்தலைவலியாகும் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை.

அதற்கு நூறாண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் கடல் தொட்டி என்றால் பெரும்பாலும் மீன்கள்தாம். நோய் வந்தால் செம்புச் சேர்மத்தை அளந்து கரைப்பார்கள். ஒட்டுண்ணிகள் மடியும்; மீன் பிழைக்கும். 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் வேறு வழியைக் காட்டினார். கடலிலிருந்து எடுத்த உயிர்ப் பாறைகளைத் தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழிகளைச் செலுத்தியே பவளங்களை வாழவைத்தார். ஐரோப்பியரும் பின்னர் அமெரிக்கரும் இந்த வழிக்கு வந்து சேர்ந்தனர். 1980-களில் ‘சிறு பவளத்திட்டு’ வளர்ப்பது பெரிய ஆர்வமாயிற்று.

உயிர்ப் பாறை என்பது வெறும் கல் அன்று. அதன் துளைகளில் பாக்டீரியாக்கள், பாசிகள், புழுக்கள், நண்டுக் குஞ்சுகள் எல்லாம் குடியிருக்கும். நீரைத் தூய்மைப்படுத்துவதும் அவற்றில் சிலவே. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் ஐப்டேசியாவும் வந்து இறங்கியது. பழுப்பு நிறம், சில சென்டிமீட்டர் உயரம்; பார்வைக்குச் சின்னஞ்சிறு பனைமரம். முதலில் ஒன்றைக் காண்பவர் மகிழத்தான் செய்வார். சில மாதங்களில் அது நூறாகும். பக்கத்துப் பவளங்களைத் தன் கொட்டும் செல்களால் சுட்டுச் சாகடிக்கும்.

பிடுங்கி எறியலாமே என்பீர்கள். பிடுங்கினால் பாதத்தின் துணுக்கு பாறையில் ஒட்டி நிற்கும்; ஒவ்வொரு துணுக்கும் முழு விலங்காக வளரும். சிந்திய ஒவ்வொரு துளி இரத்தத்திலிருந்தும் ஓர் அசுரன் எழுந்த ரத்தபீஜன் கதைதான்! செம்பு ஊற்றலாமே என்பீர்கள். கடற்சாமந்தியும் பவளமும் ஒரே குழியுடலி வகுப்பைச் சேர்ந்த உறவினர். ஒன்றைக் கொல்லும் நஞ்சு மற்றொன்றையும் கொல்லும். இறாலும் நத்தையும் அதற்கு முன்பே மடிந்துவிடும். தொட்டியில் பவளம் குடிபுகுந்த அன்றே செம்பு மருந்து வெளியேறிவிட்டது.

ஆகவே ஒவ்வொன்றாகத் தாக்கும் முறைகள் பிறந்தன. ஊசிக்குழலால் சுண்ணாம்புக் குழம்பை அதன் வாய்க்குள் செலுத்துவது ஒன்று. கொதிநீரைச் செலுத்துவது மற்றொன்று. கை நடுங்கினால் அது சுருங்கித் துளைக்குள் ஒளிந்துகொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிலர் பொறுமையிழந்து பாறையை அப்படியே கொதிக்க வைப்பார்கள். இது உயிருக்கே ஆபத்தானது. பாலித்தோவா என்ற பவள உறவினத்தில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. 1971-இல் ஹவாய்த் தீவுகளின் உயிரியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். பாறையில் அது ஒட்டியிருந்தால், கிளம்பும் ஆவியை முகர்வோர் மூச்சுத் திணறி விழலாம். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயரில் தொட்டியைத் துப்புரவு செய்தபோது வெளிப்பட்ட இந்த நஞ்சால் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. பீடையைக் கொல்லப் போய் வீட்டாரைப் பலியிடுவதா?

வேறு சிலர் ஐப்டேசியாவைத் தின்னும் உயிர்களைத் தேடினர். பெப்பர்மின்ட் இறால் தின்னும். சில சமயம் பவளத்தையும் கொறிக்கும். நீள்மூக்கு வண்ணத்துப்பூச்சி மீன் தின்னும். ஆனால் தொட்டியில் அது பிழைப்பதே அரிது. கடைசியில் கிடைத்ததோ மறுபடியும் ஒரு நத்தை! பெர்கியா என்ற இந்த ஓடற்ற கடல் நத்தை விரல் நுனியளவே இருக்கும். இரவில் வெளிவரும். ஐப்டேசியா தவிர வேறெதையும் உண்ணாது. இரையின் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் முதுகு நீட்சிகளில் சேமித்து, அவற்றையே ஆயுதமாகக் கொள்ளும். இதை ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் முறையை 1990-இல் கரோல், கெம்ப் என்ற இருவர் வெளியிட்டனர். வாரிங்டனின் குளத்து நத்தைக்குப் பிறகு 140 ஆண்டுகள்!

எல்லாப் பீடைக்கும் இப்படி ஒரு பெர்கியா கிடைத்துவிடவில்லை. அக்ரோபோரா பவளத்தை அரிக்கும் ஒரு தட்டைப்புழு, பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டதே 2011-இல்தான். அதுவும் தொட்டிகளில் கிடைத்த புழுக்களைக் கொண்டு. ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் அது கண்டறியப்பட்ட செய்தி அதற்கு மறு ஆண்டில் வந்தது. வீட்டுக்காரர்கள் எதிரியை முதலில் கண்டனர். கடலாய்வாளர்கள் பிறகு கண்டனர். பவளத்தை மருந்து நீரில் முக்கினால் புழு உதிரும், முட்டைகள் உதிரா. எனவே புதுப் பவளத்தைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்து, மீண்டும் மீண்டும் முக்கி எடுப்பதே நடைமுறை. பவளம் வளர்க்கும் ஆசை உங்களுக்கு எழுந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 2001 முதல் நம் நாட்டில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு பெயர்த்தாலும் குற்றமே.

ஐப்டேசியாவின் கதை இதற்குள் வேறு திசையில் திரும்பிவிட்டது. கடல் சூடேறும்போது பவளங்கள் தம் உடலில் வாழும் பாசிகளை இழந்து வெளிறுவது ஏன் என்று அறிய, ஆய்வாளர்களுக்கு ஓர் உயிர் தேவைப்பட்டது. பவளம் மெல்ல வளரும். பல இனங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் முட்டையிடும். ஐப்டேசியாவோ அதே வகைப் பாசிகளோடு கூடி வாழ்வது. பாசியை இழந்தாலும் உணவிட்டால் பிழைப்பது. ஒன்றிலிருந்து ஆயிரம் ஆவது. எந்தக் குணத்துக்காக அதைச் சபித்தார்களோ, அந்தக் குணத்துக்காகவே ஆய்வுக்கூடங்கள் அதைச் சீராட்டுகின்றன. 2015-இல் அதன் மரபணுத் தொகுதியும் வெளியாயிற்று.

பெர்கியாவை வளர்த்து விற்போரின் நிலை இன்னும் வேடிக்கையானது. கடைசி ஐப்டேசியாவைத் தின்று முடித்ததும் பெர்கியா பட்டினியால் செத்துப்போகும். அதற்குத் தீனி போட அவர்கள் தொட்டி தொட்டியாக ஐப்டேசியாவை வளர்க்க வேண்டியிருக்கிறது. அது குறைந்துவிட்டால்தான் அவர்களுக்குக் கவலை.