நம்பர் வந்திருக்கா?

2024 மே 10, வெள்ளிக்கிழமை. காலை 9.30க்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட். மகள் அவள் அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்தாள். "நான் வந்து பாத்துக்கிறேன்ப்பா, நீங்க பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் சரி என்றேன். 9.35க்குப் பார்த்துவிட்டேன்.

500க்கு 431. பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போட்டேன். அப்படியே ஸ்டேட்டஸிலும் வைத்தேன். 'என் தங்கம்' என்று ஒரு வரி, பக்கத்தில் மூன்று இதயம்.

கோயிலிலிருந்து திரும்பியவளைத் தெருமுனையிலேயே பக்கத்து வீட்டம்மா நிறுத்தியிருக்கிறார். "431ஆமே, வாழ்த்துக்கள். கணக்குலதான் கொஞ்சம் விட்டுட்டபோல, 67."

தன் ரிசல்ட்டை அவள் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வெளியே வந்தவள் சண்டை எதுவும் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அத்தைக்கு நம்பர் வரலன்னு கதை சொல்வீங்கல்ல. அன்னைக்கு தாத்தா அதை ஊர் பூரா சொன்னாரா?"

ஸ்டேட்டஸை அழித்தேன். அதற்குள் 63 பேர் பார்த்திருந்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ரிசல்ட் என்பது யாருடையது? அதை யார் யாரிடம் சொல்வது? நான் யோசிக்க ஆரம்பித்தது அன்றுதான்.

*

'நம்பர் வரல' என்றால் என்னவென்று இன்று பள்ளியில் படிக்கிறவர்களுக்குப் புரியாது. எங்கள் தலைமுறைக்கு வயிற்றைக் கலக்குகிற இரண்டு சொல் அது.

அப்போது ரிசல்ட் செய்தித்தாளில் வரும். பெயர் இருக்காது, மார்க்கும் இருக்காது. பாஸானவர்களின் பதிவெண் மட்டும், பொடி எழுத்தில், பத்தி பத்தியாக. உங்கள் எண் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். ஃபெயில் என்று எங்கேயும் அச்சடிக்க மாட்டார்கள். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் ஃபெயில்.

1988இல் எங்கள் அக்கா பத்தாவது எழுதினாள். எனக்குப் பத்து வயது. ஊர் அருப்புக்கோட்டை, அப்பாவுக்குத் தறி. ரிசல்ட் அன்று பேப்பர் கட்டு வரும் பஸ்ஸுக்காக பஸ் ஸ்டாண்டில் கூட்டம் காத்துக் கிடந்தது. பேப்பரை வாங்கிய அப்பா அங்கேயே தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டார். ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் வரிவரியாகத் தேடினார். அக்காவின் எண்ணுக்கு முந்தைய எண் இருந்தது. பிந்தைய எண்ணும் இருந்தது. நடுவில் அவளுடையதைக் காணோம். அச்சுப்பிழையாக இருக்கும் என்று இன்னொரு பேப்பரும் வாங்கினார். அதிலும் அதே இடைவெளி.

வீட்டுக்கு வரும் வழியில் யாரோ கேட்டார்கள். "என்ன, பொண்ணுக்கு நம்பர் வந்திருக்கா?" அப்பா சொன்னார், "இன்னும் பாக்கலைங்க." இரண்டு பேப்பரும் அவர் கக்கத்தில் இருந்தன.

ஹால் டிக்கெட் அரிசிப் பானைக்குள் போயிற்று. அந்தத் தெருவில் அக்காவின் எண் வேறு யாருக்கும் தெரியாது. அதனால் அந்தப் பொய் தாங்கியது. மார்க் ஷீட் வரவில்லை, பள்ளிக்கூடத்தில் ஏதோ குழப்பம் என்று சொல்லியே அப்பா மூன்று மாதத்தை ஓட்டினார். அதற்குள் கணக்கில் 29 என்று மார்க் ஷீட்டே வந்துவிட்டது. பாஸுக்கு 35 வேண்டும். அக்டோபரில் திரும்ப எழுதினாள், பாஸ் பண்ணினாள். இந்தக் கதையைத்தான் மகளுக்கு நான் அடிக்கடி சொல்வேன். தாத்தா எவ்வளவு கௌரவமாக அத்தையைக் காப்பாற்றினார் பார் என்பதற்காக.

*

ரிசல்ட்டை ஊருக்குச் சொல்வது நம் காலத்தில் தொடங்கிய வழக்கம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது 1857இல். அதன் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியவர்களின் பட்டியல் அரசு கெஜட்டில் அச்சாகும். தேறியவர்கள் குறைவு என்பதால் அச்சில் பெயர் வருவதே பெரிய விஷயம். தேர்வு எழுதும் அளவுக்குப் படித்ததே ஒரு தகுதியாக இருந்ததால், 'மெட்ரிக் ஃபெயில்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு.

அந்தக் காலத்தின் மிகப் பிரபலமான ஃபெயில் கும்பகோணத்துக்காரர் ஒருவருடையது. கணிதமேதை ராமானுஜன் டவுன் ஹைஸ்கூலில் படித்து 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேறினார். உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை, உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் கிளம்பிவிட்டார். பையனைக் காணவில்லை என்ற செய்தி 'தி இந்து' நாளிதழில் வந்தது. திரும்பி வந்து, பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேற முடியவில்லை.

இந்தக் கதையை 'மேதையைக் கண்டுகொள்ளாத கல்விமுறை' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இப்போது வேறொரு இடம் கண்ணில் படுகிறது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில், தான் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா என்பதையும், தனக்குப் பல்கலைக்கழகக் கல்வி கிடையாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். 1905இல் அவருடைய தோல்விக் காலத்தின் செய்தி, அவரைக் கேட்காமல் பேப்பரில் வந்தது. 1913இல் அதே தோல்வியை அவரே, தான் தேர்ந்தெடுத்த ஆளிடம், தன் வார்த்தையில் சொன்னார். இரண்டும் ஒரே தகவல்தான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

1910களில் மெட்ரிகுலேஷன் இடத்துக்கு எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. அதோடு எஸ்.எஸ்.எல்.சி. புக் என்ற கெட்டி அட்டைப் புத்தகமும் வந்தது. பிறந்த தேதி, உடம்பில் உள்ள மச்சம், மார்க் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். இரும்புப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்தோடு அதையும் வைத்துப் பூட்டிய குடும்பங்கள் ஏராளம். 1978இல் பிளஸ் டூ வந்ததும், பதினோராம் வகுப்பில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கியது. படிக்கிற பிள்ளைகள் லட்சக்கணக்கில் பெருகினார்கள். அத்தனை பெயரையும் எந்தப் பேப்பர் அச்சடிக்கும்? எண் மட்டும் போதும் என்றானது.

இடப் பற்றாக்குறையால் வந்த ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு திரையும் கூடவே கிடைத்தது. பட்டியல் உலகத்துக்கே தெரியும். அதில் நீங்கள் யார் என்பது மட்டும் தெரியாது. அப்பாவின் பொய் நின்றது அந்தத் திரைக்குப் பின்னால்தான்.

*

நான் 1993இல் பத்தாவது எழுதினேன். எனக்கு நம்பர் வந்தது. ஆனால் மறுநாள் வீட்டில் எல்லாரும் பேசியது பேப்பரின் முதல் பக்கத்தைப் பற்றி. மாநிலத்தில் முதலிடம் எடுத்த பிள்ளையின் வாயில் அம்மாவும் அப்பாவும் இனிப்பு ஊட்டும் படம். டாக்டர் ஆவேன், கலெக்டர் ஆவேன் என்று கீழே பேட்டி. அந்தப் படத்தைக் காட்டி அப்பா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சும்மா திருப்பி வைத்தார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு பள்ளிகளின் விளம்பரம் வந்தது. தட்டிகள் போய் ஃபிளெக்ஸ் வந்தது. பிள்ளைகளின் முகமும் மார்க்கும் பஸ் ஸ்டாப்பில் தொங்கின. முதலிடத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கையும் வீங்கியது. 2014இல் பத்தாம் வகுப்பில் 499 எடுத்து மாநில முதலிடம் பெற்றவர்கள் 19 பேர். 2015இல் 41 பேர். ஒரே ஒரு மார்க் குறைந்த பிள்ளை வீட்டுக்குப் போய் அழுதிருக்கும்.

2017 மே மாதம் தமிழக அரசு ஒரு காரியம் செய்தது. பத்தாவது, பிளஸ் டூ இரண்டுக்கும் மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் வரக்கூடாது என்பது காரணம். அப்போது என் மகள் மூன்றாம் வகுப்பு. "நல்ல வேலை செஞ்சாங்க" என்று டீக்கடையில் உட்கார்ந்து பாராட்டியவன் நான்.

ஆனால் அதே காலத்தில்தான் ரேங்க் வேறொரு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. முதலில் பிரவுசிங் சென்டர். ரிசல்ட் அன்று வாசலில் செருப்புக் குவியல், உள்ளே ஒரு கம்ப்யூட்டருக்கு இருபது தலை. எண்ணை அடித்தால் பேப்பரில் வராத மார்க்கெல்லாம் பாடவாரியாக வந்தது. பிறகு ரிசல்ட் கைப்பேசிக்கு வந்தது. இப்போது பதிவெண்ணோடு பிறந்த தேதியும் கொடுத்தால்தான் பக்கம் திறக்கும். பள்ளியில் பதிந்த எண்ணுக்கு எஸ்.எம்.எஸ்.ஸும் வரும். அடுத்தவர் பார்க்கக் கூடாது என்று போட்ட பூட்டு அது. நான் அந்தப் பூட்டைத் திறந்து, உள்ளே இருந்ததைப் படம் எடுத்து, 63 பேருக்குக் காட்டினேன்.

2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வே ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மார்க்கையும் வருகைப் பதிவையும் வைத்து எல்லாரையும் பாஸ் போட்டார்கள். எழுதாத பரீட்சையின் மார்க்கும் அந்த வருடம் ஸ்டேட்டஸில் வந்தது. எங்கள் குரூப்பிலேயே இரண்டு பேர் போட்டார்கள். கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினேன்.

ரேங்க்கை ஒழித்தது அரசாங்கம். அதைக் குடும்ப குரூப்பில் திரும்பக் கொண்டுவந்தது நாம்தான். சித்தப்பா மகன் 462 என்று ஒரு படம், அதற்குக் கீழே என் மகள் 431. யாரும் முதலிடம், இரண்டாமிடம் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

இதற்கெல்லாம் சட்டம் கிடையாதா என்று தேடிப் பார்த்தேன். இந்தியாவில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களின் தகவலைக் கையாள ஒரு நிறுவனம் பெற்றோரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்கிறது. ஆனால் தனிமனிதர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குப் பயன்படுத்தினால் அந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது பிள்ளையை நிறுவனத்திடமிருந்து காக்கும் காவலாளி அப்பா. அப்பாவிடமிருந்து காக்க யாரும் இல்லை. பிரான்சில் 2024 பிப்ரவரியில் பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் பொறுப்போடு கையாள வேண்டும் என்று தனிச் சட்டமே போட்டார்கள். நமக்கு அப்படி ஒன்று வந்தாலும், காலை 9.37க்கு என் கட்டைவிரலை அது தடுத்திருக்குமா என்று தெரியவில்லை.

*

மகளின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. தாத்தா காலம் மேல், நம் காலம் கெட்டுவிட்டது என்று. அதைச் சொல்வதற்கு முன் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் இப்போது சத்துணவு அமைப்பாளர். பத்தாவது பாஸ் என்ற அந்த ஒரு தாளில்தான் வேலை கிடைத்தது. நடந்ததைச் சொன்னேன். "அப்பா மாதிரி நான் இல்லாமப் போயிட்டேன்க்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னாள்.

"அப்பா மறைச்சது எனக்குப் பிடிச்சுதுன்னு யாருடா உனக்குச் சொன்னா? மூணு மாசம் தண்ணி எடுக்கக்கூட வெளிய விடல. திருவிழாவுக்கு நீங்க எல்லாரும் போனீங்க, நான் வீட்டுல கெடந்தேன். என் ஃப்ரெண்ட்ஸ்ல நாலு பேருக்கு நம்பர் வரல. அவளுகளோட உக்காந்து அழுதிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும். நான் ஏதோ திருடினவ மாதிரி இருந்தேன். அப்பாவும் கேக்கல, நீயும் கேக்கல. சொல்லலாமா வேணாமான்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

முப்பத்தாறு வருடம் அந்தக் கதையை நான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா காப்பாற்றியது அக்காவை என்று நினைத்தேன். அவர் காப்பாற்றியது தெருவில் தன் தலை நிமிர்ந்து நடப்பதை. நான் ஸ்டேட்டஸ் வைத்ததும் அதற்குத்தான். அவர் ஹால் டிக்கெட்டை அரிசிப் பானைக்குள் போட்டார், நான் ஸ்கிரீன்ஷாட்டை ஊர் நடுவில் போட்டேன். பிள்ளையின் மார்க்கை எங்கள் இரண்டு பேரும் எங்கள் மார்க்காக நினைத்தோம்.

அப்பாவை இதற்காகக் கோபித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. ஃபெயிலான பெண் என்று தெரிந்தால் அடுத்த மாதமே யாராவது ஜாதகத்தோடு வாசலில் நிற்பார்கள் என்று அவர் பயந்தார். பயந்ததில் நியாயமும் இருந்தது. எனக்கு அப்படி எந்தப் பயமும் இல்லை. எனக்கு இருந்தது வெறும் அவசரம்.

மகளிடம் போய் அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். "சரிப்பா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைக்கு அவளே போன் செய்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

*

2025 மே மாதம் அவளுக்குப் பதினோராம் வகுப்பு ரிசல்ட். பள்ளியில் கொடுத்திருந்தது என் எண் என்பதால் எஸ்.எம்.எஸ். என் கைப்பேசிக்குத்தான் வந்தது. திரையின் மேலே முதல் வரி தெரிந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு அவள் அறைக் கதவைத் தட்டி, உள்ளே நீட்டினேன். "வந்திருக்கும்மா. நான் பாக்கல."

கதவு மூடியது. பத்து நிமிஷம் ஆயிற்று. முதலில் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அப்புறம் வராண்டாவில் நின்று அத்தைக்குப் போன் செய்தாள். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்ட் தரையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் விரல் நினைவுக்கு வந்தது.

போனை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னப்பா, கேக்க மாட்டீங்களா?"

"நீ சொன்னா கேட்டுக்குறேன்."

சொன்னாள். அது எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை.