சோப்பு, ட்யூப், பச்சை பாக்கெட்: ஒரு அரிப்பின் வரலாறு

இந்த எபிசோடுக்கு ஹெட்ஃபோன் தேவையில்ல, ஸ்பீக்கர்லயே போடுங்க. வீட்ல அம்மா, அக்கா, தம்பி எல்லாரும் கேட்டா இன்னும் நல்லது. பெண்ணுறுப்புல வர்ற அரிப்பு, எரிச்சல் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்துல செண்பகத்தோப்பு. காட்டழகர் கோயில், சாம்பல் நிற அணில் சரணாலயம், மழை பெஞ்சா மீன்வெட்டிப்பாறைல தண்ணி. அங்க குளிச்சிட்டு, ஈர ஜீன்ஸோடயே வண்டி ஏறி மதுரை வரைக்கும் வர்ற ஒரு பொண்ணுக்கு ரெண்டு நாள் கழிச்சு அரிப்பு ஆரம்பிக்குதுன்னு வெச்சுக்குவோம். அவ யார்கிட்டயாவது சொன்னா மூணு பதில் வரும். "உடம்பு சூடு, மோர் குடி." "நல்லா சோப்பு போட்டுக் கழுவு." "மெடிக்கல்ல ஒரு ட்யூப் வாங்கித் தடவு."

முதல் பதில்ல கொஞ்சம் உண்மை ஒட்டிட்டு இருக்கு. வேர்வை, ஈரம், இறுக்கமான துணி இதெல்லாம் பூஞ்சைக்கு வசதி. ஆனா மோர் குடிச்சா அது போகாது. மத்த ரெண்டு பதிலுக்கும் பெரிய வரலாறே இருக்கு.

சோப்பு வந்த கதை

1892-ல ஆல்பர்ட் டோடர்லைன்னு ஒரு ஜெர்மன் டாக்டர், ஆரோக்கியமான பெண்ணுறுப்புக்குள்ள ஒரு வகை பாக்டீரியா நிரந்தரமா குடியிருக்குன்னு விவரிச்சாரு. இன்னைக்கு நாம லாக்டோபேசில்லஸ்னு சொல்றது. தயிர்ல இருக்கிறதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அது லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தோட பி.எச். அளவை சுமார் 3.8-ல இருந்து 4.5-க்குள்ள வெச்சிருக்கும். அந்தப் புளிப்புல மத்த கிருமிகள் தலை தூக்கறது கஷ்டம். அதாவது, அந்த உறுப்பு தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்குது. கொஞ்சம் வெள்ளைப்படறதும் அதோட வேலைதான், நோய் கிடையாது.

ஆனா வியாபாரம் வேற பக்கம் போச்சு. 1889-ல ஜெர்மனியில காலராவைத் தடுக்க வந்த கிருமிநாசினி லைசால். இருபதாம் நூற்றாண்டோட முதல் பாதியில, அமெரிக்கப் பத்திரிகைகள்ல அதையே பெண்கள் உள்ளே ஊத்திக் கழுவணும்னு விளம்பரம் வந்துச்சு. புருஷன் விலகிப் போறதுக்குக் காரணமே உன் 'சுத்தக்குறைவு'தான்னு மிரட்டற விளம்பரங்கள். கருத்தடைப் பொருளை வெளிப்படையா விளம்பரம் பண்ண அப்போ சட்டத்துல தடை இருந்ததால, 'பெண்களின் சுகாதாரம்'ங்கிற பேர்ல அதையும் சேர்த்தே வித்தாங்க. கருவையும் அது தடுக்கல. உள்ள புண்ணு, எரிச்சல், சிலருக்கு மரணம் வரைக்கும் போச்சு.

அந்த மிரட்டல் இன்னும் ஓயல. வாசனை வாஷ், வாசனை பேட், வாசனை ஸ்ப்ரே எல்லாமே அதே பயத்தை வெச்சுத்தான் விக்குது. சாதாரண சோப்போட பி.எச். 9, 10 வரும். 4-ல இருக்கிற இடத்துல அதைப் போட்டா காவலுக்கு இருக்கிற பாக்டீரியாதான் முதல்ல அடிவாங்கும்.

ட்யூப் வந்த கதை

1940-கள்ல பெனிசிலின் உலகத்தையே மாத்துச்சு. அதோட ஒரு பக்கவிளைவு: ஆன்டிபயாட்டிக் நல்ல பாக்டீரியாவையும் கொன்னுடும், அந்தக் காலி இடத்துல கேண்டிடாங்கிற பூஞ்சை பெருகும். அதுக்குப் பாதுகாப்பான மருந்து அப்போ இல்ல.

அதைக் கண்டுபிடிச்சது ரெண்டு பெண்கள். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில வேலை பார்த்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன். ஹேசன் நியூயார்க் நகரத்துல மண்ணுல இருந்து நுண்ணுயிர்களை வளர்ப்பாங்க. பிரவுன் ஆல்பனியில அதுல இருந்து ரசாயனத்தைப் பிரிப்பாங்க. சாம்பிள் எல்லாம் தபால்ல கண்ணாடி ஜாடியில போய் வரும். வர்ஜீனியாவுல ஹேசனோட நண்பர்கள் பண்ணையில எடுத்த மண்ணுல அந்த மருந்து சிக்குச்சு. 1950-ல அறிவிச்சாங்க. மாநிலத்தோட பேரையே வெச்சு நிஸ்டாட்டின். காப்புரிமையில வந்த 1.3 கோடி டாலருக்கும் மேலான பணத்துல அவங்க சொந்தத்துக்கு ஒண்ணும் எடுத்துக்கல, எல்லாம் ஆராய்ச்சிக்கே போச்சு.

ஆனா பூஞ்சை மருந்து பூஞ்சைக்கு மட்டும்தான் கேட்கும். அரிப்புக்குக் காரணம் வேறயாவும் இருக்கலாம். 1836-லயே பாரிஸ்ல ஆல்ஃப்ரெட் டோனே, மைக்ராஸ்கோப்ல நீந்துற ஒரு ஒட்டுண்ணியைப் பார்த்தாரு: டிரைக்கோமோனாஸ். அது உடலுறவு வழியா பரவும், துணைக்கும் சேர்த்து வைத்தியம் பண்ணணும். 1955-ல ஹூஸ்டன்ல கார்ட்னரும் டியூக்ஸும், மீன் வாடையோட வர்ற இன்னொரு பாக்டீரியா பிரச்சனையை விவரிச்சாங்க. இது ரெண்டுக்கும் மெட்ரோனிடசோல் மாதிரி மருந்து வேணும், பூஞ்சை க்ரீம் வேலை செய்யாது. கிருமியே இல்லாம, துணி சோப்பு அலர்ஜி, மாதவிடாய் நின்னப்புறம் வர்ற வறட்சி, தோல் நோய் இதுங்களாலயும் அரிக்கும்.

நம்ம ஊர்ல இது எல்லாத்துக்கும் 'வெள்ளைப்படுது'ங்கிற ஒரே பேருதான். சாஃப்ட்வேர் பாஷைல சொன்னா, ஒரே எரர் மெசேஜ், நாலஞ்சு பக். 2002-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, கடையில தானாவே பூஞ்சை மருந்து வாங்கின 95 பெண்களைப் பரிசோதிச்சுது. மூணுல ஒருத்தருக்குத்தான் பிரச்சனை பூஞ்சை மட்டும்.

இங்க இன்னொரு சிக்கலும் உண்டு. நம்ம கடைகள்ல கிடைக்கிற பல ட்யூப்ல பூஞ்சை மருந்தோட ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அரிப்பு ரெண்டு நாள்ல அடங்கும், பூஞ்சை அடங்காது, தோல் மெலிஞ்சு போகும். ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-ல மத்திய அரசு விதியை இறுக்குச்சு. கவுன்டர்ல அது எவ்வளவு நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

பச்சை பாக்கெட்

லேப் இல்லாத ஊர்ல என்ன பண்றது? அதுக்கு இந்தியாவோட தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு கொண்டு வந்த பதில், கலர் கலரா மருந்து பாக்கெட். வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. உள்ள செக்னிடசோல் ஒண்ணு, ஃப்ளுகோனசோல் ஒண்ணு. பாக்டீரியா, ஒட்டுண்ணி, பூஞ்சை மூணுக்கும் ஒரே வேளையில அடி. அரசு மருத்துவமனை பால்வினை நோய்ப் பிரிவுல இலவசம். ஸ்வாப் எடுத்துப் பார்க்கிறதுக்கு இது ஈடாகாது. கர்ப்பமா இருந்தா ஃப்ளுகோனசோல் மாத்திரையும் கூடாது, கண்டிப்பா சொல்லிடணும். ஆனா ஸ்டீராய்டு ட்யூபைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

அப்போ அந்தப் பொண்ணு என்ன பண்ணணும்? ஈரத்துணியை உடனே மாத்தணும். காட்டன் உள்ளாடை. வெளிப்பக்கம் மட்டும் வெறும் தண்ணி, உள்ளே எதுவும் வேண்டாம். வாசனை சமாச்சாரம் எல்லாத்தையும் நிறுத்தணும். சொறியாம, குளிர்ந்த ஈரத்துணியை வெளிப்பக்கம் கொஞ்ச நேரம் வெச்சா எரிச்சல் தணியும். கட்டித் தயிர் மாதிரி வந்தா பூஞ்சையா இருக்கலாம், மீன் வாடையோ மஞ்சள் பச்சை நிறமோ இருந்தா வேற. முதல் தடவைன்னாலோ, கர்ப்பம், காய்ச்சல், அடிவயித்து வலி, புண்ணு இருந்தாலோ நேரா டாக்டர்கிட்ட. திரும்பத் திரும்ப வந்தா சுகர் டெஸ்ட்டும் எடுக்கணும், சர்க்கரை நோய் பல பேருக்கு இப்படித்தான் முதல்ல தெரிய வருது.

"கல்யாணம் ஆயிடுச்சா"ன்னு கேப்பாங்களேன்னு தயங்கி, பல பொண்ணுங்க மாசக்கணக்கா சோப்பும் ட்யூபுமா ஓட்டுறாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணுக்கும், உடலுறவே இல்லாத பொண்ணுக்கும் பூஞ்சை வரும். காது வலிக்குப் போற மாதிரி போய், "எனக்கு அங்க அரிக்குது டாக்டர்"னு சொன்னா போதும். மிச்சத்தைக் கண்டுபிடிக்க மருந்தும் மைக்ராஸ்கோப்பும் எப்பவோ வந்தாச்சு.