இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் பிறந்த எண்டெவர்

பொத்தேரியில் ரயில் ஏறினால் காட்டாங்கொளத்தூர், அடுத்தது மறைமலை நகர். ஃபோர்டு எண்டெவர் அங்கே உருவான வண்டி. 2003-ல் விற்பனைக்கு வந்தது. பெயருக்குத்தான் எஸ்யுவி, குனிந்து அடியில் பார்த்தால் ரேஞ்சர் பிக்கப்பின் வாரிசு என்று தெரிந்துவிடும். சரக்கு ஏற்றும் இடத்தில் கூரை போட்டு, குடும்பத்தை ஏற்றிவிட்டார்கள்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஃபோர்டின் மறைமலை நகர் ஆலையே நின்றது. அடுத்த மாதம், 2016 ஜனவரியில், புதிய எண்டெவர் அறிமுகம். 800 மில்லிமீட்டர் தண்ணீரிலும் போகும் என்றார்கள். அந்த வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூர்க்காரர்களுக்கு அந்த எண்ணை விளக்கவே வேண்டாம். 3.2 லிட்டர், ஐந்து சிலிண்டர் டீசல். 470 நியூட்டன் மீட்டர் டார்க். கியருக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு திருகு இருக்கும். சேறு, மணல், பாறை என்று எதற்குத் திருப்பினாலும் நாலு சக்கரமும் அதற்கேற்ப நடந்துகொள்ளும்.

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. எண்டெவரும் போயிற்று. 2022 பிப்ரவரியில், இங்கே மின்சார வண்டி செய்து ஏற்றுமதி செய்யலாம் என்று பேச்சு எழுந்தது. மே மாதமே அடங்கிவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் அமெரிக்காவில் மின்சாரப் பிக்கப்பான எஃப்-150 லைட்னிங் உற்பத்தி தொடங்கியிருந்தது. ஜூலையில் மறைமலை நகரின் கடைசிக் கார், ஓர் ஈகோஸ்போர்ட், வெளியே வந்தது.

லைட்னிங்கை அதன் அண்ணன் எஃப்-150 ராப்டரோடு நிறுத்திப் பார்த்தால் வேடிக்கைதான். பாலைவனத்தில் பாயவென்றே செய்த பெட்ரோல் ராப்டருக்கு 450 குதிரைத்திறன். பெரிய பேட்டரி போட்ட லைட்னிங்குக்கு 580. நேர்ச்சாலையில் தம்பிதான் முந்துவான். மோட்டாருக்கு டர்போ சுழலும்வரை காத்திருக்கும் வேலை இல்லை. மிதித்ததுமே முழு இழுவை. அதற்கு மூச்சுக்காற்றும் வேண்டாம். நம் ஊர் வெள்ளத்தில் டீசல் வண்டிகள் பெரும்பாலும் சாவது, காற்று போகிற வழியில் தண்ணீர் குடித்துத்தானே.

ஆனால் மேடு பள்ளத்தில் வண்டியைக் காப்பாற்றுவது குதிரைத்திறன் அல்ல. சக்கரம் எவ்வளவு தூரம் ஏறி இறங்கினாலும் தாங்குகிற ஷாக் அப்சார்பர்தான். அதில் ராப்டரை லைட்னிங் நெருங்கவே முடியாது. லைட்னிங்கின் எடையும் சுமார் 3 டன். கனமான டிரெய்லரை மாட்டினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் பாதியாகிவிடும். காட்டுக்குள் டீசலைக் கேனில் கொண்டுபோகலாம். கரண்டை எதில் கொண்டுபோவது? என் ஓட்டு இன்னமும் எண்டெவர் வகையறாவுக்குத்தான்.

2025 டிசம்பரில் ஃபோர்டே லைட்னிங்கை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது. அடுத்து வரும் லைட்னிங்கில் பேட்டரியோடு, அதற்குச் சார்ஜ் ஏற்ற ஓர் என்ஜினும் இருக்குமாம். இந்த அறிவிப்புக்கு ஒன்றரை மாதம் முன்புதான் மறைமலை நகர் ஆலையை மீண்டும் திறக்க ஃபோர்டு தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டிருந்தது: 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029-ல் உற்பத்தி, ஆண்டுக்கு 2,35,000. வண்டிகள் அல்ல, என்ஜின்கள்.