முனியறையும் செங்காவியும்

கேரள-தமிழக எல்லைப் பகுதியின் பழம்பொருள்களுக்கு ஒரே காவல் இருந்ததில்லை. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதை ஒட்டிய சிற்றூர் கொச்சி மன்னருக்குச் சொந்தம். மறையூர் மலையோ திருவிதாங்கூரைச் சேர்ந்தது. திருவிதாங்கூரில் 1908இல் தொல்லியல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற டி. ஏ. கோபிநாத ராவ் கல்வெட்டுகளிலும் சிற்பங்களிலும் பெரும்பணி செய்தார். 1956இல் கேரளம் உருவான பிறகுதான் மூன்று பகுதிகளும் ஒரே மாநிலத் துறையின் பொறுப்புக்கு வந்தன.

அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்மக்கள் காவல் காத்து வந்தார்கள். மறையூரை அடுத்த கோவில்கடவில் பாம்பாற்றுப் பக்கம் நிற்கும் கல்திட்டைகளை, அஞ்சுநாடு எனப்படும் அந்தப் பகுதியின் மக்கள் முனியறை என்பார்கள். முனிவர்கள் தவமிருந்த இடம் என்பார்கள், பாண்டவர்கள் தங்கிய இடம் என்றும் சொல்வார்கள். சுற்றிலும் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல், நடுவே சாந்து கிடையாது. உண்மையில் இவை இறந்தவர்களுக்காக எழுப்பியவை. ஆனாலும் அந்தக் கதைகளை நான் குறைத்து மதிக்க மாட்டேன். கல்லை உடைத்து வீடு கட்டாமல் பலர் கையைத் தடுத்தது அந்தப் பயபக்திதான்.

மறையூர்க் காட்டின் ஆட்டளை, எழுத்தளைப் பாறை ஓவியங்களை 1974இல் எஸ். பத்மநாபன் தம்பி ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்தினார். செங்காவியில் மானும் மனிதரும். ஒரு காலத்து உருவத்தின் மேலேயே பிற்காலத்தவர் இன்னொன்றைத் தீட்டியிருக்கிறார்கள்.

பாறையில் மட்டுமல்ல, பானை ஓட்டிலும் கைவேலை தெரியும். பெருங்கற்காலக் கறுப்பு சிவப்புப் பானையின் உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்திருக்கும், வெளியே அடிப்பாகம் சிவந்திருக்கும். சூளையில் கவிழ்த்து வைத்ததால் காற்றுப்படாத பக்கம் கறுத்தது. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, கொங்கு நாட்டில் கிடைக்கும் சில ஓடுகளில் வெண்களிமண்ணால் கோடிழுத்து, மேலே காவி பூசிச் சுட்டிருக்கிறார்கள். அந்தக் கோடுகள் சில இடத்தில் நெளிகின்றன. இழுத்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, கை மட்டும் தெரிகிறது.

முனியறைகள் பலவற்றின் உள்ளே இன்று ஒன்றுமில்லை. மூடுகல் சரிந்தவையும் உண்டு. தோட்டத்திலோ கிணற்றிலோ மண்வெட்டியில் முதுமக்கள் தாழி தட்டுப்பட்டால் உடைக்காதீர்கள், உள்ளே இருப்பதை எடுக்கவும் வேண்டாம். மண்ணை அப்படியே விட்டுவிட்டு, கிராம அலுவலகம் வழியாகத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். பாறை ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளித்துப் படம் எடுக்காதீர்கள். பெயர் கிறுக்கும் பிள்ளைகளை அங்கேயே தடுத்து நிறுத்துங்கள்.